தேர்தல் முறை ஒரு நாட்டின் போக்கை மாற்றுமா? இலங்கை அனுபவத்தை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

தேர்தல் வந்தால் யாருக்கு வாக்களிப்பது என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். போட்ட வாக்கு எந்தக் கணக்கின்படி ஆசனமாக மாறுகிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இலங்கையில் தொகுதிக்குத் தொகுதி வென்றவரை அனுப்பும் தொகுதிவாரி முறையும் இருந்திருக்கிறது, வாக்குகளின் விகிதத்துக்கேற்ப ஆசனம் தரும் விகிதாசார முறையும் இருக்கிறது, உள்ளூராட்சியில் இரண்டும் சேர்ந்த கலப்பு முறையும் வந்துவிட்டது. ஒரே நாடு, ஏறக்குறைய அதே கட்சிகள், அதே வாக்காளர்கள். ஆனால் கணக்கு மாறியபோது விளைவு எவ்வளவு மாறியது என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம். வாசகர்களும் மாணவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு என்னால் இயன்ற அளவு விளக்கமாக எழுதியிருக்கிறேன்.

தேர்தல் முறை என்று எதைச் சொல்கிறோம்?

மக்கள் அளித்த வாக்குகளை ஆசனங்களாக மாற்றும் விதியைத்தான். ஒரு தொகுதிக்கு எத்தனை உறுப்பினர், வாக்காளர் கட்சிக்கு அடையாளமிடுகிறாரா ஆளுக்கு அடையாளமிடுகிறாரா, ஆசனம் பெறக் குறைந்தது எத்தனை சதவீதம் வேண்டும், மிச்ச வாக்குகள் என்ன ஆகின்றன என்பவையெல்லாம் இதில் அடங்கும். வாக்காளர் இடாப்பு, கட்டுப்பணம், பிரசாரச் செலவு போன்றவை தேர்தல் சட்டத்தின் மற்றப் பகுதிகள். அவையும் முக்கியமானவைதான், ஆனால் இந்தப் பக்கத்தில் அவற்றுக்குள் போகவில்லை.

1977 வரை இலங்கையில் இருந்த முறை எது?

பிரித்தானியரிடமிருந்து வந்த தொகுதிவாரி முறை. ஒரு தொகுதியில் யார் மற்றவர்களைவிட ஒரு வாக்காவது கூடுதலாகப் பெறுகிறாரோ அவர் வென்றார். பாதி வாக்கு வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

1947-இல் நடந்த முதல் பாராளுமன்றத் தேர்தலில் 95 ஆசனங்களுக்கு வாக்கெடுப்பு நடந்தது. சுதந்திரத்தை ஒட்டி வந்த சோல்பரி அரசியலமைப்பில் ஒரு நுட்பமான ஏற்பாடு இருந்தது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று மக்கள்தொகைக்கு ஒதுக்கியதோடு, ஒவ்வொரு மாகாணத்திலும் 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்று நிலப்பரப்புக்கும் ஒதுக்கினார்கள். சனம் குறைந்த, பரப்புக் கூடிய வடக்கு கிழக்கு போன்ற பகுதிகளுக்கு இதனால் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்தது. இனங்கள் கலந்து வாழும் சில இடங்களில் இரண்டு மூன்று உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் பல அங்கத்தவர் தொகுதிகளும் இருந்தன. 1977-இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து மூன்றாமவராகப் பாராளுமன்றம் போனது இந்த ஏற்பாட்டினால்தான். அது ஒற்றை அங்கத்தவர் தொகுதியாக இருந்திருந்தால் அவர் போயிருக்க முடியாது.

கூட வாக்குப் பெற்றவர் வென்றார். அதில் என்ன அநியாயம்?

ஒரு தொகுதிக்குள் பார்த்தால் அநியாயம் தெரியாது. நாடு முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

1956-இல் பண்டாரநாயக்க தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி 39.5 சதவீத வாக்குடன் 95-இல் 51 ஆசனங்களை எடுத்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 28 சதவீத வாக்கு விழுந்தது. கிடைத்தவை 8 ஆசனங்கள். நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மக்களின் வாக்கு, பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதலான ஆசனங்களாகச் சுருங்கியது.

1960 யூலையில் அதே ஐக்கிய தேசியக் கட்சி நாட்டிலேயே அதிக வாக்குகளை, 37.6 சதவீதத்தைப் பெற்றது. ஆனால் 30 ஆசனங்கள்தான். 33.6 சதவீதம் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களுடன் ஆட்சி அமைத்தது. 1970-இல் இன்னும் மோசம். ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீதம், 17 ஆசனங்கள். சுதந்திரக் கட்சி 36.9 சதவீதம், 91 ஆசனங்கள். இடதுசாரிகளுடன் போட்டித் தவிர்ப்பு உடன்பாடு இருந்ததால் சுதந்திரக் கட்சி எல்லாத் தொகுதிகளிலும் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே கூட்டணியாகவே பார்ப்போம். ஐக்கிய முன்னணி என்ற அந்தக் கூட்டணியின் மூன்று கட்சிகளும் சேர்ந்து பெற்றது 49 சதவீதத்தை ஒட்டிய வாக்கு. ஆசனமோ 151-இல் 116. பாதி நாடு கூட ஆதரிக்காத ஓர் அணிக்கு மூன்றில் இரண்டுக்கு மேல்.

1977-இல் சக்கரம் மறுபக்கம் சுழன்றது. ஐக்கிய தேசியக் கட்சி 50.9 சதவீதம், 168-இல் 140 ஆசனங்கள். சுதந்திரக் கட்சி 29.7 சதவீதம், 8 ஆசனங்கள். பல தசாப்தங்களாகப் பாராளுமன்றத்தில் இருந்த லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒரு ஆசனம்கூட இல்லாமல் வெளியேறின.

மூன்றில் இரண்டு என்பது வெறும் எண்ணிக்கைச் சிறப்பு கிடையாது. அரசியலமைப்பை மாற்றும் பலம் அது. 1970-இல் கிடைத்த பலத்தோடு 1972 அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டங்களைத் தடுக்கச் சோல்பரி யாப்பில் இருந்த 29-ஆம் பிரிவு அதில் இல்லாமல் போனது. 1977-இல் கிடைத்த பலத்தோடு 1978 அரசியலமைப்பும் நிறைவேற்று அதிகார சனாதிபதி முறையும் வந்தன. தொகுதிக் கணக்கு ஊதிப் பெருக்கிய பெரும்பான்மைகள் இல்லாவிட்டால் இந்த இரண்டு யாப்புகளும் இதே வடிவில் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் தொகுதிவாரி முறையில் தமிழர்களுக்கு நல்ல பிரதிநிதித்துவம் இருந்ததே?

ஒரு இடத்தில் செறிந்து வாழ்ந்த தமிழர்களுக்கு இருந்தது. 1977-இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றது. சுதந்திரக் கட்சியின் வாக்கில் கால்பங்கு அளவே பெற்றிருந்தும் ஆசனத்தில் அதை முந்தியது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தொகுதி முறை செறிவுக்குப் பரிசு தரும். எங்கள் பெரியவர்கள் பலர் அந்தக் காலத்தைப் பெருமையோடு நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்த 18 பேரும் எதிரே 140 பேரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களுடைய ஆதரவு யாருக்கும் தேவைப்படவில்லை. ஆசனம் கையில் இருந்தும் பேரம் பேசும் பலம் இல்லை.

சிதறி வாழ்ந்தவர்களின் நிலை வேறு. தெற்கிலும் மேற்கிலும் வாழும் முஸ்லிம்கள் பெரிய கட்சிகளின் தயவில்தான் பாராளுமன்றம் போக முடிந்தது. மலையகத் தமிழர்களுக்கு நடந்தது இதைவிடக் கொடிது. 1948 குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1947-இல் தோட்டப்புறத் தொகுதிகளில் வென்ற அவர்களின் கட்சியால் 1952-இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. அதே நேரம் தொகுதிகளைப் பிரிக்கும்போது மட்டும் அவர்களுடைய தலைகள் எண்ணப்பட்டன, ஏனெனில் ஆசன ஒதுக்கீடு குடிமக்களின் தொகைக்கு அல்லாமல் மொத்தச் சனத்தொகைக்குச் செய்யப்பட்டது. வாக்கில்லாத தோட்டத் தொழிலாளர்களின் பெயரில் உருவான ஆசனங்களுக்கு, சுற்றியிருந்த கிராமங்களின் வாக்காளர்கள் ஆட்களை அனுப்பினார்கள். தேர்தல் முறையைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் சொல்வது இந்த உதாரணத்தைத்தான்.

ஜே.ஆர். ஜயவர்த்தன ஏன் விகிதாசார முறையைக் கொண்டுவந்தார்?

1977-இல் ஆட்சிக்கு வந்த அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி 1956-இலும் 1970-இலும் பட்ட அடி மேலே இருக்கிறது. கணிசமான வாக்கு வங்கி எப்போதும் உண்டு, ஆனால் அலை எதிராக அடித்தால் பாராளுமன்றத்தில் ஆளே இல்லை. விகிதாசாரத்தில் அந்த ஆபத்து கிடையாது. இன்னொரு கணக்கும் இருந்தது. இனி எவருக்கும் மூன்றில் இரண்டு எளிதில் கிடைக்காது என்றால், அவர் எழுதிய 1978 யாப்பை மாற்றவும் எவராலும் எளிதில் முடியாது.

நல்ல முறையைச் சுயநலத்துக்காகக் கொண்டுவந்தார் என்பதோடு கதை முடியவில்லை. கொண்டுவந்த முறையில் பாராளுமன்றத் தேர்தலை நடத்தவே இல்லை. 1982 டிசம்பர் 22-இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டலாம் என்றால் விளக்குச் சின்னம், கூடாது என்றால் குடம். சுமார் 54.7 சதவீதம் விளக்குக்கு விழுந்ததாக அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது. 1977-இல் பழைய முறையில் தெரிவான ஐந்தில் நான்கு பங்குப் பெரும்பான்மை 1988 இறுதி வரை தொடர்ந்தது. 1983 கறுப்பு யூலையும் போரின் தொடக்கமும் அந்தப் பாராளுமன்றத்தின் காலத்தில்தான். விகிதாசார முறையில் முதல் பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரி 15-இல் நடந்தது. சட்டம் வந்து பத்து ஆண்டுக்கு மேல்.

இப்போது ஆசனங்கள் எப்படிப் பகிரப்படுகின்றன?

மொத்தம் 225. இதில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். மிகுதி 29 தேசியப் பட்டியல்: நாடு முழுவதும் பெற்ற வாக்கின்படி கட்சிகளுக்குக் கிடைக்கும் ஆசனங்கள், அவற்றில் யார் அமர்வது என்பதைக் கட்சியே தீர்மானிக்கும். மாவட்டத்துக்குள் நடக்கும் கணக்கை யாழ்ப்பாணத்தின் 2024 பொதுத் தேர்தல் முடிவை வைத்தே செய்து பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், பல குழப்பங்கள் இதிலே தீரும்.

யாழ் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். செல்லுபடியான வாக்குகள் சுமார் 3,25,000.

முதலில் வெட்டுப்புள்ளி. மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளின், சுயேச்சைக் குழுக்களின் பட்டியல்கள் எல்லாம் நீக்கப்படும். இங்கே அது சுமார் 16,300 வாக்கு. அதைத் தாண்டியவை ஆறு. தேசிய மக்கள் சக்தி சுமார் 80,800, தமிழரசுக் கட்சி 63,300, தமிழ்க் காங்கிரஸ் 28,000-ஐ ஒட்டி, 17-ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு அதைவிடச் சற்றே குறைவு, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,500, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி (ஈ.பி.டி.பி.) 17,700. கூட்டினால் சுமார் 2,40,000.

அடுத்தது போனஸ். முதலிடத்தில் வந்த பட்டியலுக்கு ஓர் ஆசனம் நேரடியாகப் போய்விடும். தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று.

மிச்சம் ஐந்து. 2,40,000-ஐ ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 48,000 வாக்கு. அந்த விலையை முழுதாகக் கட்டக்கூடியவை இரண்டு பட்டியல்கள் மட்டுமே. தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக்கு ஒன்று. இன்னும் மூன்று ஆசனங்கள் மீதி. அவை மிஞ்சிய வாக்குகளின் வரிசைப்படி போகும். தேசிய மக்கள் சக்தியிடம் மிஞ்சியது 32,800. தமிழ்க் காங்கிரஸும் சுயேச்சைக் குழுவும் தங்கள் 28,000 அளவான வாக்கை அப்படியே வைத்திருக்கின்றன. தமிழரசிடம் மிஞ்சியது 15,300 மட்டும். ஆக முதல் மூவருக்கும் ஒவ்வொன்று.

முடிவு: தேசிய மக்கள் சக்தி 3, தமிழரசு 1, தமிழ்க் காங்கிரஸ் 1, சுயேச்சை 1. மாவட்டத்தில் கால்பங்கு வாக்குக்குப் பாதி ஆசனம். 63,000 பெற்றவருக்கும் 28,000 பெற்றவருக்கும் ஒரே ஆசனம்.

இதில் போனஸ் ஆசனம் எவ்வளவு வித்தியாசத்தை ஏற்படுத்தியது?

போனஸ் இல்லாமல் ஆறு ஆசனத்துக்கும் நேராகக் கணக்குப் போட்டால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 40,000 ஆகிறது. அப்போது தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழரசுக்கு 2, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. வாக்குகளின் விகிதத்தோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

நாடளாவிய நிலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். 2024-இல் தேசிய மக்கள் சக்தி 61.6 சதவீத வாக்குப் பெற்றது. நாடு முழுவதற்குமான வாக்கின்படி பகிரப்படும் தேசியப் பட்டியலில் 29-இல் 18 கிடைத்தது. அது 62 சதவீதம், கிட்டத்தட்ட அச்சொட்டு. ஆனால் மாவட்ட ஆசனங்களில் 196-இல் 141, அதாவது 72 சதவீதம். 22 மாவட்டங்களில் மட்டக்களப்பு தவிர 21-இன் போனஸும் அவர்களுக்கே போனது. சிறிய மாவட்டங்களும் வெட்டுப்புள்ளியும் இந்தப் பெருக்கத்துக்குத் துணை நின்றன. 225-இல் 159 ஆசனங்கள். மூன்றில் இரண்டை எவரும் தொடமாட்டார்கள் என்று கட்டிய முறையிலும் அது கிடைக்கத்தான் செய்தது.

வாக்குச் சிதறல், சிதறல் என்று சொல்கிறார்களே, அது கட்சிகளின் மிரட்டல்தானே?

மிரட்டலாகவும் பயன்படுகிறது, உண்மையாகவும் இருக்கிறது. மேலே சொன்ன யாழ் கணக்கில் 3,25,000-இலிருந்து 2,40,000-ஐக் கழித்துப் பாருங்கள். 85,000 அளவான வாக்குகள் வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பட்டியல்களுக்குப் போயின. முதலிடம் பெற்ற கட்சியின் மொத்த வாக்கைவிட இது கூடுதல்! ஆறு ஆசனத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள் போட்டியிட்டால் வேறென்ன நடக்கும்? 5 சதவீதத்தைத் தாண்டியும் ஆசனம் பெறாத இரண்டு பட்டியல்களையும் சேர்த்தால், ஐந்தில் இரண்டு பங்கை நெருங்கும் வாக்காளர்களுக்குத் தாம் தெரிவு செய்தவர் எவரும் சபையில் இல்லை.

பல தமிழ்க் கட்சிகள் ஒன்றாக நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2023-இல் உடைந்தது. தமிழரசுக் கட்சியும், அதைவிட்டுப் பிரிந்தவர்களின் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் 85,800 வருகிறது. போனஸ் அந்தப் பக்கம் போயிருக்கும். அதே விதியில் கணக்கைத் திரும்பப் போட்டால் மூன்று ஆசனங்கள் அவர்களுக்கு, இரண்டு தேசிய மக்கள் சக்திக்கு. ஒன்றாக நின்றிருந்தால் அத்தனை வாக்கும் அப்படியே விழுந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, பிளவின் மீதான வெறுப்பே பலரை வேறு பக்கம் தள்ளியது. ஆனாலும் விதி எப்படி வேலை செய்கிறது என்பதை இது காட்டுகிறது.

அம்பாறையில் 2020-இல் நடந்தது இன்னும் கசப்பானது. தமிழர் வாக்கு முதன்மையாக இரண்டு பட்டியல்களுக்கிடையில் பிரிந்தது. இரண்டும் சேர்ந்து 54,000-க்கு மேல். அதே மாவட்டத்தில் 39,000 அளவில் பெற்ற வேறொரு கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. தமிழர் எவரும் தெரிவாகவில்லை. 2024-இல்தான் தமிழரசு மூலம் அந்த ஆசனம் மீண்டது.

வெட்டுப்புள்ளி முன்பு இதைவிட உயரமாக இருந்ததாமே?

ஆம், 1978 யாப்பில் அது எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். 1988-இல் 15-ஆவது திருத்தம் அதை 5 ஆக்கியது. அந்த ஆண்டுச் சனாதிபதித் தேர்தலையொட்டி ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் ரணசிங்க பிரேமதாசவுடன் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரஃப் பேசிப் பெற்றது இது என்று முஸ்லிம் அரசியலில் இன்றும் நன்றியோடு சொல்லப்படுகிறது. 12.5 அப்படியே இருந்திருந்தால் மேலே சொன்ன யாழ் முடிவில் இரண்டே இரண்டு பட்டியல்கள்தான் ஆசனம் பெற்றிருக்கும்.

விருப்பு வாக்கை ஒழிக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

கட்சிக்கு ஒரு வாக்கு, அந்தப் பட்டியலுக்குள் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. 1988-இன் 14-ஆவது திருத்தத்தில் வந்த இந்த ஏற்பாட்டின்படி, கட்சிக்குக் கிடைத்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை வாக்காளர் தீர்மானிக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஒருவரின் முதல் எதிரி அவருடைய சொந்தக் கட்சியின் வேட்பாளர் ஆகிவிட்டார். தேர்தல் காலத்தில் மதில்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கட்சியின் சின்னம் ஒரு மூலையில், வேட்பாளரின் இலக்கம் ஆளுயரத்துக்கு. ஒரு மாவட்டம் முழுவதும் அலைய வேண்டியிருப்பதால் பணம் உள்ளவரே தாக்குப்பிடிக்கிறார். எண்ணும் மண்டபத்தில் கட்சியின் முடிவு வந்த பிறகும் விருப்பு வாக்குக்காக இரவிரவாகக் காத்திருப்பதும், அதிகாலையில் சொந்தக் கட்சிக்காரர்கள் ஒருவர்மீது ஒருவர் மோசடிக் குற்றம் சாட்டுவதும் யாழ்ப்பாணத்துக்கும் புதிதல்ல.

இருந்தாலும், விருப்பு வாக்கை எடுத்துவிட்டுக் கட்சித் தலைமை தரும் வரிசையே இறுதி என்று ஆக்கினால், வேட்பாளர் மக்களைவிட்டுத் தலைவரின் வீட்டுவாசலில் நிற்பார். நோயைவிட மருந்து கடுமையாகிவிடும் என்பது என் கருத்து.

தேசியப் பட்டியல் தோற்றவர்களுக்கான பின்கதவுதானே?

அப்படிப் பயன்படுத்தப்பட்டது உண்மை. புலமையாளர்களையும் பட்டியலில் இடமில்லாத சமூகங்களையும் கொண்டுவருவதற்கு என்று சொல்லப்பட்டது. 2015-இல் மக்கள் நிராகரித்த சிலர் சில நாட்களுக்குள்ளேயே அதன் வழியாக உள்ளே வந்தார்கள்.

இதன் வீச்சைக் காட்ட ஓர் உதாரணம் போதும். 2020-இல் ஐக்கிய தேசியக் கட்சி 2.15 சதவீதம் பெற்றது. எந்த மாவட்டத்திலும் ஆசனம் இல்லை. தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. 2021 யூனில் ரணில் விக்கிரமசிங்க அதில் அமர்ந்தார். 2022 மேயில் பிரதமர். யூலையில் பாராளுமன்றத்தின் 134 வாக்குகளால் சனாதிபதி.

விகிதாசாரம் நிலையற்ற ஆட்சியைத் தரும் என்கிறார்களே?

2000-க்கும் 2004-க்கும் இடையில் நாடு மூன்று பொதுத் தேர்தல்களைப் பார்த்தது, அதைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். 1989, 2010, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் இதே முறை தெளிவான பெரும்பான்மைகளைத் தந்ததைச் சொல்லமாட்டார்கள். அந்த ஆட்சிகளில் 2020-இல் வந்ததற்கு 145 ஆசனங்கள் இருந்தன, கூட்டாளிகளோடு மூன்றில் இரண்டு. இரண்டு ஆண்டில் மக்கள் வீதிக்கு வந்து அதன் சனாதிபதியை நாட்டைவிட்டே ஓடவைத்தார்கள். ஆசனப் பலம் வேறு, ஆட்சியின் உறுதி வேறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020-இல் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது 3.8 சதவீதமும் 3 ஆசனங்களும். தொகுதி முறையில் அந்த வாக்குக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது, 1977-இன் இடதுசாரிகளைப் போல. நான்கு ஆண்டுகள் அந்த மூன்று குரல்கள் சபையில் ஒலித்தன. பிறகு நாட்டின் ஆட்சியே அவர்களிடம் வந்தது.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் வந்த கலப்பு முறை வெற்றியா?

ஊருக்கு ஒரு வட்டார உறுப்பினர் வேண்டும் என்ற நியாயமான ஆசையில் பிறந்தது. 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல். உறுப்பினர் தொகை சுமார் 4,500-இலிருந்து 8,000-ஐத் தாண்டியது. பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. யாழ் மாநகர சபையில் வரவு செலவுத் திட்டம் தோற்று முதல்வர் பதவி இழந்து, அடுத்த முதல்வர் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வந்தது அந்தச் சபையின் காலத்தில்தான்.

ஆனால் ஒரு பெரிய நன்மை நடந்தது. கால்பங்கு இடம் பெண்களுக்கு என்று சட்டம் சொன்னது. அதுவரை உள்ளூராட்சியில் இரண்டு சதவீதம்கூட இல்லாத பெண்கள் ஒரே தேர்தலில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். பாராளுமன்றத்தில் இத்தகைய ஒதுக்கீடு இல்லை. 2020-இல் 225 பேரில் 12 பேர்தான் பெண்கள். பட்டியல் இருக்கும் முறையில்தான் இப்படி ஓர் ஒதுக்கீட்டைச் சுலபமாகப் பொருத்த முடியும்.

பாராளுமன்றத்துக்கும் கலப்பு முறை வந்தால் நல்லதா?

எந்தக் கலப்பு என்பதைக் கேட்க வேண்டும். நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே 1978-இலும் 1981-இலும் குறைந்த வாக்குப் பெற்ற கட்சி ஆட்சியைப் பிடித்தது. மக்கள் 1993-இல் சர்வசன வாக்கெடுப்பில் முறையை மாற்றினார்கள். 1996 முதல் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. கட்சி வாக்குத்தான் மொத்த ஆசனத்தையும் தீர்மானிக்கிறது, தொகுதி வெற்றிகள் அதற்குள் கழிக்கப்படுகின்றன. செருமனியிலும் அடிப்படை இதுவே. ஆனால் அங்கே மேலதிக ஆசனங்கள் ஏறி 2021-இல் சபை 736 பேராக வீங்கியது, 2023-இல் சட்டம் திருத்தி 630 என்று வரையறுத்தார்கள்.

தொகுதி ஆசனம் ஒரு கணக்கு, பட்டியல் ஆசனம் வேறு கணக்கு என்று இரண்டையும் பிரித்துவைக்கும் கலப்பும் உண்டு. அதில் பெரிய கட்சி தொகுதிகளை அள்ளிக்கொண்டு பட்டியலிலும் தன் பங்கை எடுக்கும். சிதறி வாழும் முஸ்லிம்களும் மலையகத் தமிழர்களும் மீண்டும் 1977-க்கு முந்திய நிலைக்குப் போவார்கள். எனவே இரண்டு வாக்கு இருக்க வேண்டும், மொத்த ஆசனம் கட்சி வாக்கின் விகிதத்தில் அமைய வேண்டும், போனஸ் போக வேண்டும். இந்த மூன்றும் இல்லாத சீர்திருத்தத்தை நான் ஆதரிக்கமாட்டேன்.

சனாதிபதித் தேர்தலில் இரண்டாவது விருப்பத்தை எண்ணினார்களே, அது என்ன?

சனாதிபதியாக 50 சதவீதத்துக்கு மேல் வேண்டும். 1982 முதல் எல்லாத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே அது கிடைத்துவந்தது. 2024 செப்டெம்பரில்தான் முதன்முறையாகக் கிடைக்கவில்லை. அநுர குமார திசாநாயக்க 42.3, சஜித் பிரேமதாச 32.8 சதவீதம். மற்ற எல்லோரும் நீக்கப்பட்டு, அவர்களுக்கு வாக்களித்தோரின் சீட்டுகளில் இந்த இருவருக்கு 2, 3 என்று இலக்கமிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

நீக்கப்பட்டவர்களின் வாக்கு சுமார் 33 இலட்சம். அதில் இந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்தது 2,73,000 அளவே. பத்தில் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலோர் ஒரு புள்ளடியோடு நிறுத்திவிட்டார்கள். சட்டத்தில் 1978-இலிருந்து இருக்கும் உரிமையை வாக்காளருக்கு எவரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தின் ஆசனங்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன?

2010-இல் 9, 2015-இல் 7, 2024-இல் 6. மாவட்ட ஆசனங்களில் 36 மாகாணத்துக்கு நான்காக நிலையாக ஒதுக்கப்படுகின்றன. மற்ற 160-ம் பதிவு செய்த வாக்காளர் தொகையைப் பொறுத்து மாறும். போரும் புலப்பெயர்வும் இடாப்பைச் சுருக்கின. ஊரில் இருந்துகொண்டு பதியாமல் விடுபவர்களும் இந்தக் குறைவுக்குப் பங்களிக்கிறார்கள். கிராம சேவையாளர் படிவம் தரும்போது நிரப்பிக் கொடுங்கள், வெளியூரில் படிக்கும் பிள்ளைகளின் பெயரையும் விடாமல்.

மாகாண சபைத் தேர்தல் நடக்காததற்கும் தேர்தல் முறைக்கும் என்ன தொடர்பு?

முழுத் தொடர்பும் இதுதான். 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டுப் பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்ற புதிய முறை வந்தது. பழைய முறை நீக்கப்பட்டது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை, சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்தார். மீளாய்வுக் குழுவின் அறிக்கை வரவேயில்லை. பழைய சட்டம் செத்துவிட்டது, புதிய சட்டத்துக்கு எல்லைகள் இல்லை.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017-இல் முடிந்தது. 2013-இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர்களே நிர்வாகம் செய்கிறார்கள். எந்தக் கட்சியும் "மாகாண சபை வேண்டாம்" என்று சட்டம் போடவில்லை. தேர்தல் முறையில் ஒரு முடிச்சைப் போட்டு அவிழ்க்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். பழைய விகிதாசார முறையில் ஒரு முறையாவது தேர்தலை நடத்தச் சாதாரணப் பெரும்பான்மையோடு ஒரு திருத்தச் சட்டம் போதும். இனி எந்தத் தேர்தல் முறை மாற்றத்துக்கும், எல்லை நிர்ணயம் முடிந்து சபை அதை ஏற்கும் நாள் வரை பழைய முறையே செல்லும் என்ற வாசகத்தைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.